கொழும்பின் பச்சை அந்துகள்: தலசோடெஸ் சாதியை அறியத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மழை ஓய்ந்து காற்று அசையாத இரவுகளில் கொழும்பு வீடுகளின் விறாந்தைச் சுவரில் வந்து அமரும் பூச்சிகளுள், நான்கு சிறகுகளையும் முழுதாக விரித்துச் சுவரோடு ஒட்டினாற்போல் இருக்கும் பச்சை நிற அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் சிறகுவிரிப்பு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். கிட்டச் சென்று பார்த்தால் பச்சையின் மேல் மெல்லிய வெண்கீறல்கள் நிறைந்திருப்பதும், இரண்டு வெண்கோடுகள் சிறகுகளைக் குறுக்கே கடந்து செல்வதும் தெரியும். இத்தகைய அந்துகளில் பெரும்பகுதி தலசோடெஸ் என்னும் சாதியையோ (சாதி என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி), அதிலிருந்து பிற்காலத்தில் பிரிக்கப்பட்ட நெருங்கிய சாதிகளையோ சேர்ந்தவை. அவற்றைத் தேடுவது, படமெடுப்பது, வளர்ப்பது, பெயரிடுவது ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்குபவருக்குப் படிப்படியாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் குழுவில் மேற்புறப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இனப்பெயர் வரை செல்ல முடியாது. சாதிப்பெயரே பல வேளைகளில் ஐயத்துக்குரியது. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அறிந்து அங்கே நிற்பவரின் பதிவு பத்து ஆண்டுகள் கழித்தும் பயன்படும். துணிந்து இனப்பெயர் எழுதிவிடுபவரின் பதிவை வேறொருவர் திருத்த வேண்டியிருக்கும், அல்லது அது திருத்தப்படாமலே பட்டியல்களில் பரவிவிடும்.

வகைப்பாட்டில் இவற்றின் இடம்

நமது பாடசாலை உயிரியல் நூல்களில் பழகிய வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற வரிசையையே இங்கும் கையாள்கிறேன். வண்ணத்துப்பூச்சிகளும் அந்துகளும் சேர்ந்த லெப்பிடொப்டெரா வருணத்தில் ஜியோமெட்ரிடே என்பது மிகப் பெரிய குடும்பங்களுள் ஒன்று. உலகம் முழுவதிலுமாக ஏறத்தாழ 24,000 இனங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. மெலிந்த உடல், அதனோடு ஒப்பிடும்போது அகன்ற சிறகுகள், அமரும்போது சிறகுகளைத் தட்டையாக விரித்து வைத்தல் ஆகியன இக்குடும்பத்தில் பரவலாகக் காணப்படும் இயல்புகள். ஆயினும் குடும்பத்தை உறுதிப்படுத்தும் உறுப்பு வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை: வயிற்றின் அடியில், நெஞ்சறையோடு அது சேரும் இடத்துக்கு அருகே, ஒரு சோடிச் செவிகள் உள்ளன. வௌவால்கள் எழுப்பும் மீயொலியை இவை கேட்கின்றன. துணியில் அந்துகள் அமர்ந்திருக்கும்போது அருகில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். உலோகம் உரசும் ஒலியில் நமக்குக் கேட்காத மீயொலியும் இருப்பதால், அவை திடுக்கிட்டுக் கீழே விழவோ பறந்துவிடவோ கூடும்.

குடம்பிப் பருவத்தில் குடும்பத்தை அறிவது எளிது. பெரும்பாலான அந்துகளின் புழுக்களுக்கு வயிற்றுப் பகுதியில் ஐந்து சோடிப் போலிக்கால்கள் இருக்க, ஜியோமெட்ரிடே குடும்பத்தின் புழுக்களுக்குப் பொதுவாக இரண்டு சோடிகளே உள்ளன: ஒன்று வயிற்றின் ஆறாம் துண்டத்தில், மற்றது பத்தாம் துண்டத்தில். நடுவில் கால்கள் இல்லாததால், புழு பின்பகுதியை முன்பகுதிக்கு அருகே இழுத்து, உடலை வளைத்து நிமிர்த்தி, சாணளப்பதுபோல் நடக்கிறது. ஆமணக்கை உண்ணும் காவடிப்புழுவும் ஓரளவு இப்படித்தான் நடக்கும்; ஆனால் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்குப் போலிக்கால்கள் இரண்டு சோடிக்கு மேல் இருக்கும். ஆகவே நடையைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராமல் கால்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜியோமெட்ரிடே குடும்பத்துக்குள் பல உபகுடும்பங்கள் உள்ளன. தேயிலையைத் தின்னும் பழுப்பு நிறப் புழுக்கள் பல என்னோமினே உபகுடும்பத்தவை. நமது பச்சை அந்துகள் ஜியோமெட்ரினே உபகுடும்பத்தைச் சேர்ந்தவை. அதில் மட்டும் 2,500 இனங்களுக்கு மேல் உண்டு. உபகுடும்பத்துக்கும் சாதிக்கும் இடைப்பட்ட குலம் என்னும் நிலையில் இவை ஹெமிதீனி குலத்தில், தலசோடினா என்ற உபகுலத்தில் வைக்கப்படுகின்றன. புதிதாகத் தொடங்குபவர் இப்பெயர்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு பதிவை எந்த நிலையில் நிறுத்தலாம் என்று பிற்பாடு பேசும்போது இந்தப் படிவரிசை தேவைப்படும்.

பச்சை நிறத்தைப் பற்றி

ஜியோமெட்ரினே அந்துகளின் பச்சை தனித்துவமானது. சிறகுச் செதில்களில் ஜியோவேர்டின் எனப்படும் நிறப்பொருள் இருப்பதும், அது இலைப் பச்சையத்திலிருந்து பெறப்படுவதாக இருக்கலாம் என்பதும் 1994 இல் வெளியான ஓர் ஆய்வில் கூறப்பட்டன. பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளில் பச்சை நிறம் செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதாலோ வேறு நிறப்பொருள்களாலோ உண்டாகிறது. அதனால் இந்த நிறப்பொருள் வகைப்பாட்டுக்கே ஒரு சான்றாகக் கொள்ளப்பட்டது.

தொடக்கநிலையாளருக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. இந்தப் பச்சை நிலையானதல்ல. ஈரம் பட்டாலும், நாள் சென்றாலும் அது மங்கி மஞ்சளாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறிவிடுகிறது. கொழும்பின் ஈரலிப்பான காற்றில் இறந்துகிடந்த அந்து ஓரிரு நாட்களில் அடையாளம் தெரியாத நிறத்துக்கு வந்துவிடலாம்; அருங்காட்சியகங்களின் பழைய மாதிரிகளிலும் பச்சை பெரும்பாலும் எஞ்சியிருப்பதில்லை. ஆகவே நிறத்தைப் பற்றிய நம்பத்தகுந்த சான்று, அந்து உயிரோடு இருக்கையில் எடுத்த படமும் அப்போதே எழுதிய குறிப்புமே. அதேபோல, மங்கிய ஓர் அந்தைக் கண்டு அதை வேறோர் இனம் என்று எண்ணிவிடவும் கூடாது.

முதற்படி: விளக்கும் வெள்ளைத் துணியும்

தேடத் தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மொட்டைமாடியிலோ பல்கனியிலோ ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் முன்னே ஒரு மின்குமிழை எரியவிட்டால் போதும். கழியூதா ஒளியும் தரும் குமிழ் கிடைத்தால் வரவு கூடும். மஞ்சள் ஒளி தரும் குமிழுக்கு வரவு மிகக் குறைவு. அடுக்குமாடியில் குடியிருப்போர், குமிழ் அயலவரின் படுக்கையறைக்கு நேரே இல்லாதவாறு வைத்து, அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற நெருக்கமான பகுதிகளிலும் மாமரம் உள்ள ஒரு வளவு அருகில் இருந்தால் பச்சை அந்துகள் வரும். தலங்கம, பெத்தகான, பெல்லன்வில–அத்திடிய ஆகிய ஈரநிலங்களை அண்டிக் குடியிருப்போருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். 2018 இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட முதல் தொகுதி நகரங்களுள் கொழும்பும் ஒன்று என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. நகரத்துக்குள் இருந்துகொண்டே அந்துகளைப் படிப்பது வீண் வேலை என்று நினைப்பவருக்கு அதையே விடையாகச் சொல்வேன்.

நாளைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் தேவை. போயா விடுமுறை நாளன்று இரவு ஓய்வு கிடைக்கிறதே என்று விளக்குப் போடுவோர் ஏமாற்றமடைவார்கள். முழுநிலவின் வெளிச்சத்தில் விளக்குக்கு வரும் அந்துகள் குறைந்துவிடும். அமாவாசையை ஒட்டிய, மேகம் மூடிய, காற்றில்லாத, புழுக்கமான இரவுகளே சிறந்தவை. கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறாததால் மழைதான் பருவத்தைத் தீர்மானிக்கிறது: தென்மேல் பருவமழைக் காலத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையின்போதும், மழை விட்ட இரவுகளில் துணி நிறையும்.

விளக்கை விடிய விடிய எரியவிட வேண்டாம். ஒளியில் சிக்கிய அந்து உண்பதற்கோ துணை தேடுவதற்கோ போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறது; பல்லிகள் சுவரோரம் காத்திருக்கும், விடிந்ததும் பறவைகள் துணியைத் துப்புரவாக்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்து, துணியை மெல்ல உதறிச் செடிகளின் மேல் விட்டுவிடுவது ஒழுங்கான பழக்கம்.

இரண்டாம் படி: பச்சையாக இருப்பவற்றைப் பிரித்தறிதல்

துணியில் பச்சையாக அமர்ந்திருப்பதெல்லாம் தலசோடெஸ் அல்ல. கொழும்பில் அதிகம் குழப்பம் தருவது பரோட்டிஸ் சாதியாகும். அது கிரம்பிடே என்னும் முற்றிலும் வேறான குடும்பத்தது. நந்தியாவட்டையையும் அதன் உறவுச் செடிகளையும் உண்டு வளர்வதால் வீட்டுத் தோட்டங்களில் ஏராளம். அதுவும் பச்சை, அதுவும் சிறகை விரித்தே அமரும். ஆனால் அதன் சிறகுகள் பட்டுப்போன்று வழவழப்பாக, ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியனவாக இருக்கும். முன்சிறகின் முன்விளிம்பில் பழுப்புக் கோடு ஓடும். வெண்கீறல்களும் குறுக்குக் கோடுகளும் இருக்கமாட்டா. வயிற்றின் நுனியில் கருமையான மயிர்க்குஞ்சம் ஒன்றைக் காணலாம். வெண்டியைத் துளைக்கும் புழுவின் அந்தான ஈயரியாஸ் மிகச் சிறியது. முன்சிறகில் மட்டுமே பச்சை உள்ளது, சிறகுகளைக் கூரைபோல் மடித்து அமர்கிறது. அதைக் கண்டு குழம்ப நேராது.

ஜியோமெட்ரினே உபகுடும்பத்துக்குள்ளேயே ஒத்த தோற்றமுடையவை சில உண்டு. அகாதியா சாதியின் அந்துகளில் பச்சையைச் சூழ்ந்து பழுப்பு நிறப் பட்டையோ திட்டோ தெளிவாகத் தெரியும். கொமொஸ்டோலா மிகச் சிறியது, சிறகுகளில் செந்நிறப் புள்ளிகள் உண்டு. கொமிபேனா சாதியில் சிறகின் மூலைகளில் பழுப்பும் வெண்மையும் கலந்த கறைகள் காணப்படும். அதன் புழு செடித் துணுக்குகளை முதுகில் ஒட்டிக்கொண்டு திரிவது தனிக் கவர்ச்சி.

இவற்றை நீக்கிய பின் எஞ்சுவதைப் பின்வருமாறு சரிபார்க்கலாம். நிறம் ஒரே சீரான பச்சை, பெரும்பாலும் சற்று நீலம் கலந்தது; அதன் மேல் நுண்ணிய வெண்கீறல்கள். முன்சிறகில் இரண்டு மெல்லிய வெண்கோடுகள். அவற்றுள் வெளிக்கோடு பின்சிறகிலும் தொடர்ந்து, இரு சிறகுகளும் ஒரே பரப்புப்போல் தோன்றச் செய்யும். பின்சிறகின் வெளிவிளிம்பு நடுவில் சிறு கோணமாக நீண்டு ஒரு குறுகிய முனையை உண்டாக்கும். ஆணின் உணர்கொம்பு அடியிலிருந்து பெரும்பகுதி வரை இருபுறமும் சீப்புப் பற்களோடும், நுனியில் வெறும் நூலாகவும் இருக்கும்; பெண்ணின் உணர்கொம்பு முழுவதும் நூல் போன்றது. இவ்வளவும் பொருந்தினால் “தலசோடெஸ் குழு” என்று குறிப்பேட்டில் எழுதலாம். இன்னும் “தலசோடெஸ்” என்று மட்டும் எழுதக் கூடாது. காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

மூன்றாம் படி: பயனுள்ள படம் எடுத்தல்

கைத்தொலைபேசியே போதுமானது. மேற்புறத்தை, சிறகுகளுக்கு நேர் எதிரே நின்று, சாய்வில்லாமல் எடுக்க வேண்டும். சாய்ந்த படத்தில் கோடுகளின் வளைவும் பின்சிறகின் கோணமும் பிழையாகத் தெரியும். அடுத்து தலையையும் உணர்கொம்புகளையும் கிட்ட எடுங்கள். அந்து கண்ணாடி யன்னலில் அமர்ந்திருந்தால் மறுபுறம் சென்று அடிப்புறத்தையும் எடுப்பது பெறுமதியானது. செதில்கள் ஐதாக இருக்கும் அடிப்புறத்தில் சிறகு நரம்புகள் தெளிவாகத் தெரியும், கால்களும் தெரியும். சிறகின் நடுப்பகுதியில் ஓடும் மூன்று நரம்புகளை எம்1, எம்2, எம்3 என்று குறிப்பார்கள். ஜியோமெட்ரினே உபகுடும்பத்தில் பின்சிறகின் எம்2 என்னும் நரம்பு எம்3 ஐ விட எம்1 இற்கு அருகிலிருந்து புறப்படுகிறது. என்னோமினேயில் அதே நரம்பு நலிந்தோ இல்லாமலோ இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் கண்டுவிட்டால், உபகுடும்பம் என்பது நிறத்தைக் கொண்டு செய்யும் ஊகமாக இல்லாமல் உறுப்பமைப்பைக் கொண்டு செய்யும் தீர்ப்பாகிவிடுகிறது.

துணியின் ஓரத்தில் ஒரு சிறு அடிமட்டத்தை ஊசியால் குத்தி வைத்தால் அளவு தானாகவே படத்தில் பதிவாகும். குமிழின் ஒளி நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால் ஒரு படத்தையாவது பிளாஷ் போட்டு எடுங்கள். திகதி, நேரம், இடம், மழை நிலை, ஒளியின் வகை, அருகில் உள்ள மரங்கள் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதும் குறிப்பில் ஏதாவது ஒன்று விடுபடும்.

நான்காம் படி: பெயரிடுதலும் நிற்கும் இடமும்

தலசோடெஸ் சாதியை நிறுவியவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த அஷில் கெனே. அவரது ஜியோமெட்ரிடே ஆய்வுத் தொகுதிகள் 1857, 1858 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, ஆகவே பட்டியல்களில் இரண்டு ஆண்டுகளையும் காணலாம். அதன் பின் நூறாண்டுக்கு மேலாக, இந்தியா தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை காணப்பட்ட, வெண்கீறலுள்ள, கோணப் பின்சிறகுள்ள பச்சை அந்துகள் பெரும்பாலும் இந்த ஒரே சாதியில் வைக்கப்பட்டன. இலங்கை அந்துகளைப் பற்றிய முதற் பெருநூலை பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிட்ஸின் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் உயிருள்ள பூச்சிகளையும் புழுக்களையும் பார்த்துத் தீட்டிய ஓவியங்களே அந்நூலுக்கு அடிப்படையாயின. மங்கிப்போகும் ஒரு நிறத்தை உயிரோடு இருக்கும்போதே தாளில் பிடித்துவைத்த அந்த உழைப்பை, பச்சை அந்துகளைப் படிக்கும் ஒவ்வொருவரும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பெரிய மாற்றம் 1996 இல் வந்தது. போர்னியோத் தீவின் அந்துகளை ஆராய்ந்த ஜெரமி ஹொலவே, வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் இந்த அந்துகளின் இலிங்க உறுப்புகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கி, பழைய தலசோடெஸிலிருந்து பெலகோடெஸ், ஒரோதலசோடெஸ் என்னும் சாதிகளைப் பிரித்தெடுத்தார். பின்னர் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோஷி இனோவே மேலும் ஒரு சாதியைப் பிரித்தார். இந்தப் பிரிப்பு கண்ணுக்குத் தெரியும் கோடுகளிலோ நிறத்திலோ அல்லாமல் உள்ளுறுப்புகளின் வடிவத்தில் தங்கியுள்ளது. அதனால்தான் சுவரில் அமர்ந்திருக்கும் அந்தின் படத்தைப் பார்த்து இது தலசோடெஸா பெலகோடெஸா என்று பொறுப்போடு சொல்ல முடிவதில்லை.

இதன் விளைவை விஞ்ஞானப் பெயர்களிலேயே காணலாம். கெனே விவரித்த ஓர் இனம் இன்று “பெலகோடெஸ் வெராரியா (கெனே, 1858)” என்று எழுதப்படுகிறது. “தலசோடெஸ் குவாட்ராரியா கெனே, 1858” என்பது மற்றொன்று. முதலாவதில் ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. இனத்தை முதலில் விவரித்தவர் அதை வைத்த சாதியிலிருந்து அது பின்னர் வேறொரு சாதிக்கு மாற்றப்பட்டிருந்தால் மட்டுமே அடைப்புக்குறி இடப்படும் என்பது விலங்குப் பெயரிடல் விதி. ஆகவே அடைப்புக்குறியை அச்சுப்பிழை என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள். அதில் ஓர் இனத்தின் இடமாற்ற வரலாறு அடங்கியிருக்கிறது. பழைய நூலொன்றில் “தலசோடெஸ்” என்று கண்ட இனம் புதிய பட்டியலில் காணப்படாவிட்டால், பெலகோடெஸின் கீழ் தேடிப் பாருங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தை ஏற்றியவுடன் கணினி ஓர் இனப்பெயரை முன்மொழியும். கணினி கற்றது முன்பு ஏற்றப்பட்ட படங்களிலிருந்து. அப்படங்களுக்குப் பெயரிட்டவர்களும் மேற்புறத்தை மட்டுமே பார்த்திருந்தால், அவர்களது ஊகமே உங்களுக்கு விடையாகத் திரும்பி வருகிறது. ஆதலால் முன்மொழிவை ஏற்காமல், உங்கள் சான்று தாங்கும் நிலையைத் தெரிவுசெய்யுங்கள். நிறமும் தோற்றமும் மட்டும் தெரிந்தால் ஜியோமெட்ரினே உபகுடும்பம். கீறல்கள், கோடுகள், கோணப் பின்சிறகு, உணர்கொம்பு ஆகியன அனைத்தும் தெளிவாக இருந்தால் ஹெமிதீனி குலம், குறிப்பில் “தலசோடெஸ் அல்லது பெலகோடெஸ்”. இதற்கு அப்பால் செல்வதற்கு ஆண் அந்தின் இலிங்க உறுப்பைப் பிரித்துப் பார்ப்பதோ டி.என்.ஏ. பட்டைக்குறி ஆய்வோ (குறுகிய டி.என்.ஏ. துண்டு ஒன்றை ஒப்பிட்டு இனத்தை அறியும் முறை) வேண்டும். வீட்டு இருப்பிடம் பிறருக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டாம் என்று கருதுவோர் அத்தளத்தில் இடக்குறிப்பை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் படி: மாமரத்தில் குடம்பியைத் தேடுதல்

என் கணிப்பில், இந்தச் சாதியை நெருக்கமாக அறிய விளக்கை விடச் சிறந்த வழி மாமரம்தான். தலசோடெஸ் குழுவின் குடம்பிகள் மா, றம்புட்டான் போன்ற மரங்களின் இளந்தளிர்களை உண்பவை. மழைக்குப் பின் மாமரம் செம்பு நிறத்தில் தளிர்க்கும்போது, தாழ்ந்த கிளைகளை நிதானமாகப் பாருங்கள். தளிரின் விளிம்பு கடிக்கப்பட்டிருப்பதும், கீழேயுள்ள இலையில் சிறு எச்சத் துணுக்குகள் கிடப்பதும் முதல் அடையாளம். அதற்கு மேலுள்ள காம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவற்றுள் ஒன்று காம்பாக இராது. புழு தன் பின்கால்களால் பற்றிக்கொண்டு உடலை விறைப்பாக நீட்டி அசையாமல் நிற்கும். மெலிந்த உடல், பச்சையாகவோ தளிரைப்போல் செம்பழுப்பாகவோ இருக்கும் நிறம், தலையின் உச்சியில் இரண்டு கூர்முனைகள் ஆகியன சேர்ந்து அதை ஓர் இலைக்காம்பாகவே காட்டும். தலை இவ்வாறு பிளவுபட்டிருப்பது ஜியோமெட்ரினே குடம்பிகள் பலவற்றில் காணும் இயல்பு. இதை முதன்முதலாகத் தாமாகக் கண்டுபிடிப்பவரின் மகிழ்ச்சி பெரிது. பிள்ளைகளோடு தேடினால் பெரும்பாலும் அவர்களே முதலில் காண்பார்கள்.

வளர்ப்பதற்கு மூடியுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். அடியில் டிசுத் தாளை விரித்து, குடம்பி இருந்த அதே மரத்தின் தளிரைக் காம்போடு வையுங்கள். முற்றிய இலையைக் கொடுத்தால் பெரும்பாலும் உண்ணாது. கொழும்பில் வளர்ப்பைக் கெடுப்பவை இரண்டு: பூஞ்சணமும் எறும்பும். எச்சத்தையும் வாடிய இலையையும் நாள்தோறும் அகற்றி, தாளை மாற்றி, மூடியில் நுண்துளைகள் இட்டால் பூஞ்சணம் பிடிக்காது. தண்ணீர் ஊற்றிய தட்டத்தின் நடுவே ஒரு கோப்பையைக் கவிழ்த்து அதன் மேல் பெட்டியை வைத்தால் எறும்பு ஏறாது. யன்னலோர வெயிலில் பெட்டியை வைக்க வேண்டாம். மூடிய பெட்டிக்குள் வெப்பம் விரைவில் ஏறிவிடும். முற்றிய குடம்பி இலைகளைச் சில நூலிழைகளால் தளர்வாக இணைத்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். அந்த நிலையில் அதைத் தொடாமல், அந்து வெளிவந்ததும் ஏறிச் சென்று சிறகை விரிப்பதற்கு ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்.

சில வேளைகளில் அந்துக்குப் பதிலாகச் சிறு குளவிகளோ ஈக்களோ வெளிவரும். இவை குடம்பிக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிகள். வளர்ப்பு வீணாகிவிட்டது என்று அவற்றைக் கொட்டிவிட வேண்டாம்; எந்தக் குடம்பியிலிருந்து எந்த ஒட்டுண்ணி வந்தது என்னும் பதிவு நம் நாட்டில் அரிது, படமெடுத்துத் திகதியோடு குறித்து வைத்தால் அது தனிப் பெறுமதி உடையது. உணவுத் தாவரம், குடம்பியின் படம், கூட்டுப்புழுவான திகதி, அந்து வெளிவந்த திகதி, அந்தின் படம் ஆகிய ஐந்தும் ஒரே எண்ணின் கீழ் இருக்கும் குறிப்பு, விளக்கில் எடுத்த நூறு தனிப்படங்களை விட அதிகம் சொல்லும்.

வீட்டு மாமரத்தில் இவற்றைக் கண்டதும் பூச்சிகொல்லி தெளிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ந்த மரத்தில் சில தளிர்கள் கடிபடுவதால் மரத்துக்குக் கேடில்லை. பெரிய தோட்டமாகச் செய்கை பண்ணுவோருக்கு நிலைமை வேறு. அவர்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரைக் கேட்பதே முறை.

இறந்த மாதிரிகளும் சட்டமும்

உயிருள்ள அந்தைக் கொன்று சேகரிப்பது புதிதாகத் தொடங்குபவருக்குத் தேவையற்றது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பூச்சி சேகரிப்பதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், மாதிரிகளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றமாகும். வெளிநாட்டு ஆர்வலர் எவரேனும் தபாலில் அனுப்பும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஆனால் விளக்கு மூடிக்குள்ளும் யன்னலோரத்திலும் தாமாக இறந்து கிடப்பவை நல்ல பாடப்பொருள்கள். அத்தகைய ஒன்றின் பின்சிறகில் ஒரு துளி மதுசாரத்தை இட்டால் செதில்கள் சற்று நேரம் ஒளிபுகவிட்டு, எம்1, எம்2, எம்3 நரம்புகள் வெளிப்படும். பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கியில் அவை புறப்படும் இடங்களை நீங்களே ஒப்பிடலாம். மதுசாரம் உலர்வதற்குள் படமெடுத்துவிடுங்கள், பச்சை அதன் பின் பழையபடி இராது. உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு வயிற்றைப் பத்து வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைப்பார்கள். அது தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் என்பதால், பயிற்சி பெற்ற ஒருவரின் பக்கத்தில் இருந்து ஆய்வுகூடத்தில் பழகும் வரை வீட்டில் முயலக் கூடாது.

இறந்த அந்தை வைத்திருக்க விரும்பினால், மடித்த எண்ணெய்த்தாள் உறையில் இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியோடு காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். உறையின் மேல் திகதி, இடம், எவ்வாறு கிடைத்தது, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் பரவும். இந்த நான்கு விவரங்களும் இல்லாத மாதிரியை எந்த அருங்காட்சியகமும் ஏற்க விரும்பாது. கால்கள் உடைந்து விழுந்தால் அவற்றையும் அதே உறைக்குள் விடுங்கள், ஏனெனில் டி.என்.ஏ. ஆய்வுக்கு ஒரு காலே போதும்.